நோராவின் இரண்டாவது குரல்

1986 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. லண்டனிலிருந்து ரயிலும் கப்பலுமாக மாறி மாறி வந்து, பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் இறங்கினேன். ராணி மேடையிலேயே நின்றிருந்தாள். திருச்சிக் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரி. இப்போது கணவர் சிவத்தோடு லா ஷப்பல் பகுதியில் குடியிருக்கிறாள்.

"பெட்டியைத் தா. ஐஞ்சாம் மாடி. லிப்ட் இல்லை, முதலே சொல்லிப்போட்டன்" என்றாள்.

பத்து நிமிட நடை. தலைக்கு மேலே இரும்புத் தூண்களின் மீது மெத்ரோ ரயில் ஓடியது. பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு கடை வாசலில் முருங்கைக்காய் கட்டித் தொங்கியது. மூச்சு வாங்க நான்காம் மாடிக்கு ஏறியபோது, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டு வந்தது. ஆணா, பெண்ணா என்று முதலில் தெரியவில்லை. கரடுமுரடான குரல், ஒவ்வொரு வரியின் முடிவிலும் துணி கிழிவதுபோல ஒரு பிசிறு. நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"நோரா. அயர்லாந்துக்காரி" என்றாள் ராணி. "பாட்டு எழுதுறதும் அவதான், பாடுறதும் அவதான். திங்கக்கிழமை தொண்டையிலை ஒப்பரேஷன். பாவம், பயந்துபோய் இருக்கிறா."

வெள்ளிக்கிழமை நோரா தேநீருக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். ராணியோடு பிரெஞ்சிலும் என்னோடு ஆங்கிலத்திலும் பேசினாள். பள்ளியில் பாட்டு டீச்சர், "நீ உதட்டை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது" என்று கடைசி வரிசையில் நிறுத்திவிடுவாராம். டப்ளின் மதுக்கடைகளிலோ அதே குரலுக்காகத்தான் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முதல் இசைத்தட்டு வானொலியில் ஓயாமல் ஒலித்தது. இரண்டாவது தட்டைப் போட்ட லண்டன் கம்பெனிக்காரர்கள் குரலை மென்மையாக்கச் சொன்னார்கள். அது முடியாதபோது, அவள் குரலுக்கு மேல் வேறு இரண்டு பெண்களின் குரலைச் சேர்த்தார்கள்.

"என் பாட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்று காதைத் தீட்டிக் கேட்டேன். அன்றைக்கே கிளம்பி இங்கே வந்துவிட்டேன்" என்றாள்.

அதன் பிறகு பாரிஸ் காப்பிக் கடைகளில் பாடிப் பிழைப்பு. இப்போது குரல்நாணில் முடிச்சுகள். எடுக்காவிட்டால் குரலே போய்விடும்; எடுத்தால் அந்தப் பிசிறும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அது போனால் என்னிடம் வேறென்ன இருக்கிறது?" என்று கேட்டாள். ராணி அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, தெருக்கோடியில் இருந்த காப்பிக் கடையில் பாடினாள். காப்பி ஐந்து பிராங்க். உட்கார இடமில்லை. கடைசிப் பாட்டின் பாதியில் குரல் அடைத்துக்கொண்டது. நோரா நிறுத்தவில்லை; மீதிப் பாட்டைக் கிட்டாரிலேயே வாசித்து முடித்தாள். கைதட்டல் எழுவதற்குள் ராணி போய்த் தன் சால்வையை அவள் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ராணியே அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதன் பிறகு பத்து நாள் பேசக் கூடாது. நானும் பயணத்தைத் தள்ளிப்போட்டேன். மாலையில் சமையல் முடிந்ததும் ராணி கரண்டியால் வெந்நீர்க் குழாயைத் தட்டுவாள். கீழிருந்து நோரா ஏறி வருவாள். தலையாட்டியபடியே புட்டும் கறியும் சாப்பிடுவாள். பயம் கண்ணில் மட்டும் தெரிந்தது.

பத்து நாளும் முடிந்து, நான் கிளம்புவதற்கு முதல் நாள் கதவு திறந்தது.

"ராணி!"

மெல்லிய, தெளிவான குரல். பள்ளிப் பெண்ணின் குரல். நோராவே பதறி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். ராணி அருகில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பதில் சொன்னாள். நோரா அழத் தொடங்கினாள்.

"என்ன கேட்டாள்?" என்றேன்.

"இது ஆருடைய குரல் எண்டு கேட்டா. குரல் வேறைதான், நான் பொய் சொல்ல மாட்டன், ஆனா 'ரா'வை இப்பிடி நீட்டி என்னைக் கூப்பிடுறது நீ ஒராள்தான் எண்டு சொன்னன்."

சாப்பிட்ட பின் கிட்டார் வந்தது. பழைய பாட்டு ஒன்றை ஆரம்பித்தவள் நடுவில் நிறுத்தினாள். "இது அந்தப் பழைய நோராவுடைய பாட்டு" என்றாள். வெகுநேரம் சொல்லில்லாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தெரியாத வீட்டில் கைவைத்துக் கைவைத்து நடப்பவள்போல இருந்தது. கடைசியில் இரண்டு வரி சேர்ந்தது. அழகான வரிகளா என்று எனக்குத் தெரியவில்லை. ராணி திரும்பப் பாடச் சொன்னாள்.

மறுநாள் காலை, கப்பலேறக் கலே துறைமுகத்துக்குப் போகும் ரயிலின் அருகில், "இனி என்ன செய்வாள்?" என்று கேட்டேன்.

"டொக்டர் விட்ட உடனை திரும்பவும் கடையிலை பாடுவா. அதுக்குள்ளை புதுசா ரெண்டு பாட்டுத்தான் வரும் எண்டு கவலைப்படுறா. அந்த ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பாடு, நான் முன்னாலை இருக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்."

ரயில் நகர்ந்தது. எங்கள் ஊரில் நல்ல குரல் என்றால் தேன் என்போம், குயில் என்போம். நோராவின் முதல் குரலை எங்கள் கச்சேரி மேடைகள் வாசலோடு அனுப்பியிருக்கும். இரண்டாவதைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும். இரண்டையும் கேட்டவள் நான். எது உயர்ந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எந்தக் குரலோடு வந்தாலும் முன்வரிசையில் உட்கார ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மட்டும் ஐந்தாம் மாடியில் பார்த்துவிட்டு வந்தேன்.