வெள்ளிக்கிழமை பேக்கப்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் கடலோர ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஆபீஸ் மெஷின்களை ஒரே கேபிளில் கோத்து, மேனேஜர் அறையிலிருந்த சர்வரோடு இணைத்திருந்தார்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு, அன்றைய ஸ்டாக் விவரங்களை என் மெஷின் தானாகவே சர்வரில் நகலெடுத்து வைக்க வேண்டும். அதுதான் பேக்கப்.

மற்ற நாட்களில் சமர்த்தாக நடக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் காலை வாரிவிடும். சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தால், சர்வர் கிடைக்கவில்லை என்று திரையில் ஒரு வரி நிற்கும். அப்போது ஓட்டினால் ஒழுங்காக ஓடும். புரோகிராமைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன், கேபிள் விற்றவனைத் திட்டினேன். மெட்ராஸ் இன்ஜினியர் ஒரு புதன்கிழமை வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று டீ குடித்துவிட்டுப் போனார்.

மேனேஜர் கூப்பிட்டார். "இந்த வெள்ளிக்கெழமையும் புட்டுக்கிச்சுன்னா மெட்ராஸ்காரங்ககிட்டயே குடுத்துடுறேன். நீ பேக்கிங்குக்கே போயிடு."

பேக்கிங்கிலிருந்துதான் வந்திருந்தேன். சோப்புத் தூளில் இருமி இருமி நெஞ்சு புண்ணாகியிருந்தது. திரும்பிப் போக எனக்குத் தெம்பில்லை.

வழக்கமாக ஐந்தரைக்குக் கம்பெனி வேனில் சாரத்தில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். அந்த வெள்ளிக்கிழமை வேனை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெருவில் வீடு என்பதால் டைப்பிஸ்ட் அக்கா மட்டும் இருந்தார். வெள்ளிதோறும் சாமி படத்துக்கு விளக்கேற்றுவது அவர் பொறுப்பு. விளக்கைத் தேய்க்க எடுத்தவர், படத்துக்குக் கீழே குனிந்து கேபிளின் முனையிலிருந்த சின்ன உலோக மூடியையும் திருகிக் கழற்றினார். அந்த மூடி இல்லாவிட்டால் மொத்த நெட்வொர்க்கும் செத்துவிடும்.

"அக்கா, அத எதுக்குக் கழட்டுறீங்க?"

"கடக் காத்துக்குக் களிம்பு ஏறுதுப்பா. சாமி படத்தாண்ட அழுக்கா இருக்கலாமா? வெளக்கோட சேத்துப் புளி போட்டுத் தேச்சுடுவேன். நைட்டெல்லாம் காயட்டும்னு வெச்சுட்டு, காலைல வந்ததும் மாட்டிடுவேன்."

கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "சார்கிட்ட சொல்லிடுவியா?" என்றார். நான் மூடியை வாங்கித் திருகினேன்.

ஆறு மணி. திரையில் ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. கடைசிப் பெயர் வரும்வரை இருவரும் நின்றே பார்த்தோம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, வெட்கமாக இருந்தது.

மறுநாள் மேனேஜர் கேட்டார், "என்னாய்யா கோளாறு?"

"ஒரு மூடி லூசா இருந்துச்சு சார். இறுக்கிட்டேன்."

அறைக்கு வெளியே தட்டச்சு மெஷின் சத்தம் நின்றிருந்தது. நான் இதைச் சொன்ன பிறகு மறுபடி கேட்கத் தொடங்கியது.