மணலில் இழுக்குமா?

பின்னால் சாமான் ஏற்றத் தட்டுள்ள கெப் வாகனம் ஒன்று வாங்கப் போகிறோம் என்பது மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது: எனக்கு, என் மனைவிக்கு, அவளுடைய தம்பிக்கு. பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வாகனமோ வீட்டு வளவோ வாங்குகிறவன் அது கைக்கு வரும்வரை வாய் திறக்க மாட்டான். கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். அதனால் சாய்ந்தமருதில் இருக்கிற நான் பக்கத்துக் கல்முனையில் வாகனம் பார்க்காமல், அக்கரைப்பற்றுக்குப் போய்ப் பார்த்தேன்.

இந்த மறைப்பு எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்களிடம் கேள்வி கேட்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கஷ்டம். செருப்புக் கடையில் கால் நெரிந்தபோதும் இதைவிடப் பெரிசு இருக்கிறதா என்று கேட்க வாய் வராமல், அதையே வாங்கி வந்து ஒரு வருடம் நொண்டியவன் நான். கடற்கரையில் மீன் லொறி வைத்திருக்கிற தோணிக்காரர் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒருவரிடம் போய்க் கேட்டிருந்தால் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்கள். கண்ணூறு என்று சொல்லிக்கொண்டு நான் கேட்கவில்லை.

எனக்கு ஒரு பைபர் தோணி இருக்கிறது. இப்போது நான் கடலுக்குப் போவது குறைவு. இரண்டு பேர் போகிறார்கள். அவர்கள் கொண்டு வருகிற மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கி அம்பாறை, உகண பக்கம் கொண்டுபோய் விற்பது என் வேலை. அதற்குப் பட்டா என்று நாங்கள் சொல்லும் சின்ன லொறி ஒன்று வைத்திருந்தேன். அதன் அடித்தட்டை உப்பு தின்றுவிட்டது.

அதைவிடப் பெரிய பிரச்சினை தோணி. எங்கள் கரையைக் கடல் வருடா வருடம் அரித்துக்கொண்டு வருகிறது. மழைக்காலத்து வாடைக் காற்று எழும்பினால் தோணியைத் தெரு வரைக்கும் இழுத்துவிட வேண்டும். முன்பு ஆட்கள் சேர்ந்து இழுத்தார்கள். இப்போது கரை செங்குத்தாகிவிட்டதால் மிஷின் வேண்டும். மிஷின் என்றால் எங்கள் ஊரில் உழவு மிஷின்தான், டிராக்டர். வாடை எழும்புகிற காலமும் பெரும்போக விதைப்புக் காலமும் ஒன்று. கடல் பொங்குகிற கிழமையில் ஊர் மிஷின் எல்லாம் வட்டையில், அதாவது வயலில், நிற்கும்.

போன வாடையில் அப்படித்தான் நடந்தது. விடிய சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனால், அலை தோணியின் வாலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மிஷின்காரருக்குப் போன் எடுத்தேன். முஸ்லிம் ஆட்களான நாங்கள் அண்ணனைக் காக்கா என்போம். "காக்கா, நான் வட்டைக்குள்ள நிக்கிறன். லுஹருக்குப் பிறகு வாறன், கோவிக்காதீங்க" என்றார். நடுப்பகல் லுஹருக்கு முன்பே கயிறு அறுந்து, தோணி கரையோரக் கல்லணையில் மோதி முன்பக்கம் பிளந்துவிட்டது. ஒட்டி எடுக்க மாதக் கணக்கானது. ஒட்டியவர் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த இடத்தில இன்னொரு அடி பட்டா ரெண்டாப் போயிரும். மறுகா என்னட்டக் கொண்டு வராதீங்க" என்றார்.

ஆகவே அடுத்த வாடைக்கு முன்னால், காலையில் மீன் பெட்டி ஏற்றவும், பின்னேரம் வீட்டாரைக் கூட்டிப் போகவும், கடல் எழும்புகிற அன்று ட்ரெய்லரில் தோணியை இழுக்கவும் ஒரே வாகனம் வேண்டியிருந்தது. இழுக்காவிட்டால் தோணி இல்லை. தோணி இல்லாவிட்டால் மூன்று குடும்பத்துக்கும் வேலை இல்லை.

அக்கரைப்பற்று வியாபாரியிடம் வெள்ளை நிறத்தில் ஒரு புது டபுள் கெப் நின்றது. நாலு கதவு. முன்மூடியே என் நெஞ்சு மட்டம்.

"ஏறிப் பாருங்க காக்கா. ஏறாம வாகனம் பாக்கிறது பொண்ணு பாக்காம கலியாணம் முடிக்கிற மாதிரி" என்றார் வியாபாரி.

மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எனக்கு முன்பே ஏறிச் சாய்ந்துவிட்டான். "மச்சான், இந்த சீட்டப் பாருங்களன். ஒங்கட வீட்டில இப்படி ஒரு கதிரை இருக்கா?"

நான் வெளியே நின்றேன். பட்டாவின் கீழே பலமுறை படுத்து எழும்பியவன் என்பதால் ஒரு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும் போலிருந்தது. வெறுமனே குனிந்தால் வியாபாரி என்ன நினைப்பார் என்று மோட்டார் சைக்கிள் திறப்பை, அதன் சாவியை, வேண்டுமென்றே கீழே போட்டேன். எடுக்கிற சாக்கில் அடியில் பார்த்தேன். பின் சில்லுகளுக்குப் போய் அந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிற தண்டு தெரிந்தது. முன் சில்லுகளுக்கு எதுவும் போவதாக என் கண்ணுக்குப் படவில்லை.

"என்ன காக்கா விழுந்திட்டு?"

"திறப்பு" என்றேன். கேட்க வேண்டிய நேரம் அதுதான். தொண்டை வரை வந்தது. ஆனால் நான் சரியாகப் பார்க்காமல் இருந்திருக்கலாம், கேட்டு அசடு வழியலாம் என்று நினைத்து விழுங்கிவிட்டேன்.

திரும்பி வரும்போது மச்சானிடம் மெல்லச் சொன்னேன். அவன் சிரித்தான். "கெப் எண்டா கெப்தான் மச்சான். உயரத்தப் பாத்தாத் தெரியாதா? தோணி என்ன, கப்பலையும் இழுக்கும்."

வாங்கவா வேண்டாமா என்று அல்லாஹ்விடம் வழி கேட்டு இஸ்திகாராத் தொழுதேன். மனதில் தெளிவு வரவில்லை, பயம்தான் கூடியது. மூன்றாம் நாள் வியாபாரி போன் எடுத்தார். வேறொருவர் கேட்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் அச்சாரம் தந்தால் எனக்கே தருவாராம். மச்சான் துள்ளினான். "பாத்தீங்களா, நீங்க தொழுததுக்கு அறிவிப்பு வந்திட்டு!"

மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "இது அல்லாஹ்ட அறிவிப்பு இல்ல, யாவாரிட அறிவிப்பு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இஞ்சருங்க, ஒங்களுக்கு அதில என்ன சந்தேகம்?" என்று கேட்டாள்.

"மணலில இழுக்குமோ தெரியா."

"அத அந்தாளுக்கிட்டக் கேட்டீங்களா?"

நான் மீன் கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினேன்.

"கேக்க வெக்கமெண்டா சொல்லுங்க, நாளைக்கு நான் வந்து கேக்கிறன்."

வருவாள். வியாபாரியின் முற்றத்தின் நடுவில் நின்று, ரோட்டில் போகிறவருக்கும் கேட்கிற குரலில் கேட்பாள். மறுநாள் விடிந்ததும் நான் தனியாகவே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.

வியாபாரியின் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துத்தான் கேட்டேன். "மணலில இழுக்குமா?"

"ஏன் இழுக்காம? கடற்கரைக்குக் கொண்டு போய்ப் பாப்பமே. ஒங்கட ஊருக்குப் போவமா?"

எங்கள் ஊர்க் கடற்கரையில் காலையில் தோணிக்காரர்கள் எல்லாரும் நிற்பார்கள். இந்த வெள்ளை வாகனத்தில் நான் போய் இறங்குவதை அவ்வளவு பேரும் பார்ப்பார்கள். "விநாயகபுரம் போவம்" என்றேன். அது தமிழ் ஆட்களின் ஊர், அங்கே என்னை யாருக்கும் தெரியாது. இங்கிருந்து ஐந்து நிமிடத்தில் கடல் இருக்க, திருக்கோவிலையும் தாண்டிப் போக வேண்டுமா என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வந்தார்.

விநாயகபுரத்தில் தோணிகள் வரிசையாகக் கரையில் கிடந்தன. வியாபாரி ஓட்டினார். ஈர மணலைத் தாண்டிக் காய்ந்த மணலில் ஏறியதும் வாகனம் ஒரு முறை முனகி நின்றது. மிதித்தார். பின்பக்கம் தாழ்ந்தது. இன்னும் மிதித்தார். பம்பர் வரை மணலுக்குள் போய்விட்டது. ட்ரெய்லரும் இல்லை, தோணியும் இல்லை, வெறும் வாகனம்.

வலையில் பாசி தட்டிக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். என் வயதுள்ள ஒருவர் குந்தியிருந்து அடியில் பார்த்தார். நான் திறப்பைப் போட்டுக் களவாகப் பார்த்ததை அவர் எல்லாருக்கும் முன்னால் சாவகாசமாகப் பார்த்தார்.

"பின் சில்லு ரெண்டும்தான் கிண்டுது. முன் சில்லு சும்மா புதினம் பாத்துக்கொண்டு நிக்குது" என்றார்.

"மணலில ஈரம் காணாது" என்றார் வியாபாரி. அவருடைய சப்பாத்து நிறைய மணல்.

"அப்ப மழை வருமட்டும் நிக்கட்டும்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். குந்தியிருந்தவர் எழும்பிக் கையைத் தட்டினார். "கோவிக்காதீங்க காக்கா, கலியாணத்துக்கு நல்ல வாகனம்."

எட்டுப் பேர் சேர்ந்து தள்ளி எடுத்தார்கள். பிறகு அவர் என்னிடம், "நீங்க என்னத்த இழுக்கப் போறீங்க?" என்று கேட்டார். எப்படி நடந்ததோ தெரியாது, என் ஊராரிடம் ஒரு சொல்லும் சொல்லாதவன், பெயர் தெரியாத அந்த மனிதரிடம் எல்லாம் சொன்னேன்: தோணியின் நீளம், ஒட்டுப்போட்ட இடம், வாடை, வயலில் நிற்கிற மிஷின். அவர் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார். கரையின் மேட்டில் நின்ற தன் தமையனுடைய இரண்டு கதவுச் சிங்கிள் கெப்பைக் காட்டினார். நாலு சில்லும் இழுக்கிற கியரைப் போட்டுக் காட்டினார்.

"மணலில இறங்க முந்தி டயரில பாதிக் காத்த இறக்கிருங்க. அப்பதான் பரந்து நிக்கும். தோணிய நேரா மேட்டுக்கு இழுக்காதீங்க, சரிச்சு எடுங்க. தோணி இஞ்சினக் கழட்டிட்டு இழுங்க அண்ணே, அத மறக்காதீங்க."

காக்கா எப்போது அண்ணே ஆனது என்று கவனிக்கவில்லை.

திரும்பும் வழியில் வியாபாரி தம்பிலுவிலில் வாகனத்தை நிறுத்தி, சப்பாத்து மணலைக் கொட்டினார். பிறகு, "என்ட வளவில பின்னுக்கு ஒரு சிங்கிள் கெப் நிக்குது. புதுசுதான், நாலு சில்லும் இழுக்கும். ஆரும் கேக்கிறதில்ல. தோணி இழுக்க எண்டு முதல் நாளே சொல்லியிருந்தா அதத்தானே காட்டியிருப்பன், காக்கா" என்றார். அவர் மேல் கோபப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அதைத்தான் வாங்கினேன். மச்சான் சுற்றி வந்து பார்த்தான். "இதென்ன மச்சான், சீமெந்து ஏத்திற வாகனமா?" என்றான். அது என்னை உறுத்தியது. முன்னால் மூன்று பேர் நெருக்கி இருக்கலாம். மூத்த பிள்ளைகள் இரண்டும் பின்னால் மீன் பெட்டி நாற்றத்தோடு இருக்க வேண்டும். ஒரு தோணிக்காக வீட்டாருக்கு நாலு கதவைக் கொடுக்காமல் விட்டேனோ என்று பல நாள் யோசித்தேன். வாடை வரவில்லை என்றால், அல்லது வந்தும் இது இழுக்கவில்லை என்றால் என்ன செய்வது என்ற நினைப்பு தொழுகையிலும் விடவில்லை.

வாடை வந்தது. ஒரு விடியலில் கடல் கறுத்து இரைந்தது. ஊர் மிஷின் எல்லாம் வட்டையில். தோணிக்காரர்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் தெரு முடிவில் நிறுத்தி டயர்களில் காற்றை இறக்கினேன்.

"என்ன காக்கா, புது வாகனத்தில காத்தத் திறந்து விடுறீங்க? விசரா?" என்று ஒருவர் கத்தினார். நான்கையும் இறக்கி முடித்தேன்.

தோணியை ட்ரெய்லரில் ஏற்றிக் கொக்கியை மாட்டினோம். சின்னக் கியரில் போட்டுச் சரிவாக எடுத்தேன். ஒரு இடத்தில் வாகனம் நின்றது போலிருந்தது. என் உயிரும் அங்கே நின்றது. பிறகு நான்கு சில்லும் பிடித்தன. கல்லணை இடைவெளியால் ஏறித் தெருவுக்கு வந்தேன். இறங்கிப் போய் ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தேன். கீறல்கூட இல்லை.

திரும்பிப் பார்த்தால் மற்றவர்கள் தங்கள் தோணிகளின் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வாய் வராத ஆளின் நிற்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். புது வாகனம், உப்புத் தண்ணீர், எரிகிற கிளச் வாசம், எல்லாம் மனதில் ஓடியது. கொக்கியைக் கழற்றிக்கொண்டு வாகனத்தைப் பின்னுக்கு எடுத்தேன். அன்று ஐந்து தோணிகள் இழுத்தேன். ஆறாவது தோணிக்குப் போகுமுன் அலை அதை எடுத்துவிட்டது. அந்தத் தோணிக்காரரின் முகத்தை இன்றும் நேராகப் பார்க்க முடிவதில்லை.

வீட்டுக்கு வந்து கிணற்றுத் தண்ணீர் அள்ளி வாகனத்தின் அடியெல்லாம் கழுவினேன். மனைவி வாசலில் நின்றாள்.

"ஆரும் பாத்தாங்களா?"

"கடற்கரை முழுக்கப் பாத்தது."

அவள் வந்து, கண்ணூறு போக மூன்று குல் சூராவும் ஓதி முன்பக்கத்தில் ஊதினாள். ஊதி முடித்துக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இஞ்சருங்க, டயரெல்லாம் சப்பிப் போய்க் கிடக்கு. அதுக்குள்ளயா கண் பட்டிட்டு?"

காற்றை நிரப்ப மறந்து, பாதிக் காற்றிலேயே வீடு வரை ஓட்டி வந்திருக்கிறேன். காற்றடிக்கிற பம்பை இரவல் கேட்க வேண்டும். ஆறாவது தோணிக்காரரின் வீட்டில்தான் அது இருந்தது. வாளியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கேட்கப் போனேன்.