நான் முறுக்கிய கம்பிகள்

பெருமாநல்லூரில் நான் சூப்பர்வைசராக இருந்த பனியன் கம்பெனியில், வாட்ச்மேன் அறைச் சுவரில் ஒரு கறுப்புத் திருகு சுவிட்ச் இருந்தது. இடப்பக்கம் திருப்பினால் பாட்டு, வலப்பக்கம் மைக், நடுவில் நிறுத்தினால் எதுவும் இல்லை. மாடியில் தையல் கூடத்துக்கு ஒரே ஜோடி ஸ்பீக்கர்தான். பாட்டுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், தீப்பிடித்தால் அறிவிக்க மைக்கோடு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே அந்தச் சுவிட்சைப் பொருத்தியவர் எங்கள் எலக்ட்ரீசியன் அண்ணன்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். "ஒண்ணை முழுசாக் கழட்டிட்டுத்தான் இன்னொண்ணை மாட்டணும் சார். பிளஸ், மைனஸ் ரெண்டு கம்பியும் மாறணும். ரெண்டும் ஒரு நொடி சேந்தாலும் ஒண்ணு இன்னொண்ணைப் பொசுக்கிரும். சத்தத்தைக் குறைச்சிட்டுத் திருப்புங்க" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

தினமும் காலையில் மைக்கைச் சோதிக்கும் வாட்ச்மேன் சுவிட்சைத் திரும்பப் பாட்டுக்கு மாற்ற மறந்துவிடுவார். மாடியில் பெண்கள் பாட்டு எங்கே என்று கேட்பார்கள். நான் இறங்கிப் போய்த் திருப்ப வேண்டும். எனக்கு அது எரிச்சல். அண்ணன் இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது சுவிட்சைக் கழற்றி, இரண்டு ஆம்ப்ளிஃபயரின் கம்பிகளையும் ஸ்பீக்கர் கம்பியோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். பாட்டு வந்தது. அறையில் ஏதோ கருகிய வாசம் அடித்தது. வாட்ச்மேன் டீயைத் தீய விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

திருப்ப சுவிட்ச் இல்லாததால் மறுநாள் காலை வாட்ச்மேன் மைக்கைச் சோதிக்கவில்லை. மதியம் அண்ணன் வேலைக்குத் திரும்பி, சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் கீழ்த்தளத்தில் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளில் தீப்பிடித்தது. வாட்ச்மேன் மைக்கில் கத்தினார். மாடியில் பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. "ஏனுங்க சார், மைக்குல சத்தமே வரலீங்களே!" என்று அவர் என்னிடம் அலறியதைக் கேட்டு அண்ணன் படியேறி ஓடினார். மிஷின் மிஷினாகப் போய்த் தோளைத் தட்டி, எல்லோரையும் பின்படி வழியே இறக்கினார். கழிப்பறையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத் திரும்பிப் போனார். அங்கே யாரும் இல்லை. புகையில் விழுந்து கிடந்த அண்ணனைத் தூக்கி வந்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

மைக் வேலை செய்யாததற்கு எலக்ட்ரீசியனின் வயரிங் தவறே காரணம் என்று கம்பெனி ஒரு அறிக்கை எழுதியது. நான் கையெழுத்துப் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். வந்தவர்கள் கலைந்த பிறகு அவர் மனைவி என் எதிரே உட்கார்ந்தார்.

"அவுக வயரைத் தப்பா மாட்டிட்டாகன்னு எல்லாரும் சொல்லுதாக. நெசமா சார்?"

"இல்லீங்க அக்கா. அண்ணா சரியாத்தான் மாட்டியிருந்தாருங்க. நாந்தான் கழட்டி ஒண்ணா முறுக்கினேன். தப்பா எழுதினதுலயும் கையெழுத்துப் போட்டுட்டேனுங்க. நாளைக்குப் போய் மாத்தி எழுதிக் குடுக்கறேன்."

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். அன்றே வேலை போனது. ஆனால் காரியத்தன்று அந்த அக்கா என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. வெகு நேரம் என் கைகளையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். ஸ்கூல் யூனிஃபார்மில் அந்தப் பெண் வந்து நின்றாள்.

"இப்பச் சொன்னதை இவ கிட்டயும் சொல்லுங்க" என்றார்.