அப்பளப் பாட்டு முதலிடத்துக்கு வந்த கதை

எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் நான்கு பவர்லூம் தறிகள் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் ‘இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து’ என்பதைக்கூட ஊர்வலத்தில் கோஷம் போடுகிற மாதிரிதான் கேட்க வேண்டும். ஆர்.கே.பேட்டையில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான். அதனால் அது ஒரு குறை என்பதே, சித்தி கல்யாணமாகித் திருத்தணிக்குப் போகும்வரை எங்களுக்குத் தெரியவில்லை.

சித்தப்பாவுக்கு அங்கே ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை. அவர்கள் வீட்டில் மிக்ஸியைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஓட்டுவார்களாம். ஏழே மாதத்தில் சித்தியின் மாமியார் அவளைக் கூட்டிவந்து எங்கள் வாசலில் விட்டார். “பொண்ணு நல்ல பொண்ணுதான். வாய்தான் பெருசு. இவ பேசனா தெருவே திரும்பிப் பாக்குது. கொஞ்சம் அடக்கமா பேசக் கத்துக்கினதும் அனுப்புங்க” என்றார். சித்தப்பாவும் கூட வந்திருந்தார். பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் அம்மா சொன்னது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். பத்து வயதில் எனக்கு அந்த மனுஷன்மேல் வந்த கோபம் இருக்கிறதே, அவர் குடித்த டம்ளரை ஒரு வாரம் நான் தொடவில்லை.

சித்தி ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் என் நைனாவிடம் (எங்கள் வீட்டில் அப்பா நைனா, அக்கா புருஷன் பாவா), “பாவா, ரெண்டு தறிய நான் பாத்துக்கறேன்” என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். தறி ஓட்டிக்கொண்டே பாட ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் நலங்கு வைக்கும்போது சம்பந்தி வீட்டாரைக் கிண்டல் பண்ணிப் பாடுவார்கள். அந்த மெட்டில் இவளாகவே ஒரு பாட்டைக் கட்டினாள். ஒரு வீட்டில் அப்பளத்தைக்கூடச் சத்தம் வராமல் தின்ன வேண்டுமாம். அதற்காக மாமியார் அப்பளத்தைத் தண்ணீரில் நனைத்துப் போடுவாராம். நான்கு தறி சத்தத்தையும் தாண்டி அந்தப் பாட்டு தெருமுனை டீக்கடைவரை கேட்கும். எனக்கு அது வெறும் அப்பளப் பாட்டு. விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அப்போது திருத்தணியில் மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் சின்ன ரேடியோ நிலையம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. சினிமாப் பாட்டே கிடையாது. சுற்றுப்பட்டு ஜனங்கள் பாடுவதைப் பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்திப் போடுவார்கள். எந்தப் பாட்டுக்கு அதிக மிஸ்டு கால் வருகிறதோ அது முதலிடம். ஒரு கோஷ்டியின் காவடிப் பாட்டு மாதக்கணக்கில் முதலிடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நைனாவின் போனை எடுத்து நிலையத்துக்குப் போட்டு, “எங்க சித்தி பாடுவாங்க” என்று நானே சொல்லிவிட்டேன்.

சித்தி என்னை அடிக்க வந்தாள். ஆனால் போக வேண்டிய நாளில் எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நின்றாள்.

ரேடியோ நிலையத்தில் ஓர் அக்கா எங்களை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். சுவரெல்லாம் ஸ்பாஞ்ச். வெளிச்சத்தம் ஒரு பொட்டு வரவில்லை. சித்தி வாயைத் திறந்தாள். வந்தது என்னவோ பூனைக்குட்டி சத்தம். மறுபடி திறந்தாள், அதுவும் நின்றுவிட்டது. தறி இல்லாமல் அவள் பாடியதே இல்லை. தாளமும் அதுதான், தைரியமும் அதுதான். “அவங்க சொன்னது சரிதான் போல. எனக்குக் கத்தத்தான் தெரியும்” என்று பஸ்ஸில் சொன்னாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

நல்லவேளை, அந்த அக்கா விடாக்கண்டி. புதன்கிழமை காலை கையில் ரெக்கார்டரோடு டவுன் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நைனா மரியாதைக்குத் தறிகளையெல்லாம் நிறுத்தப் போனார். “ஐயய்யோ, நிறுத்தாதீங்க பாவா, ஓடட்டும்!” என்று சித்தி கத்தினாள். பிறகு பாடினாள் பாருங்கள்! அக்கா ரெக்கார்டரைத் தள்ளித் தள்ளி வைத்துக் கடைசியில் வாசலுக்கே போய்விட்டார்.

முதல் வாரம் பாட்டு பத்தாவது இடத்தில் வந்தது. தெருவில் இத்தனை பேர் போன் போட்டும் ஏன் பத்து என்று விசாரித்தால், அடக் கொடுமையே! மிஸ்டு கால் என்றால் ஒரு மணி அடித்ததும் அந்தப் பக்கமே கட் ஆகிவிடும். எங்கள் தெருவுக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. “போன் பண்ணா கட் பண்றாங்கடி. நம்ம ஓட்டு வேணான்றாங்க. இன்னாத்துக்கு நாம பண்ணணும்?” என்று மூன்றாவது வீட்டுப் பெரியவர் சொல்ல, அதைக் கேட்ட பாதித் தெரு ரோஷத்தில் போனையே தொடவில்லை. மீதிப் பாதி, எடுக்கும்வரை விடமாட்டோம் என்று ஒரே நம்பரிலிருந்து நாற்பது தடவை அடித்திருக்கிறது. அதெல்லாம் சேர்த்து ஒரே ஓட்டுதான்.

அடுத்த ஞாயிறு நான் ஷெட் ஷெட்டாக ஓடினேன். “தாத்தா, கட் ஆனாதான் ஓட்டு உழுந்துச்சுன்னு அர்த்தம்!” என்று காதில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. பாட்டு நான்காவது இடத்துக்கு ஏறியது. அதற்கடுத்த ஞாயிறு நைனா தானாகவே நான்கு தறிகளையும் நிறுத்தினார். எங்களைப் பார்த்து எதிர் ஷெட்டும் நின்றது. போனில் இயர்போன் ஒயரைச் சொருகினால்தான் ரேடியோ எடுக்கும் என்பதால், ஒயரை ஜன்னல் கம்பியில் சுற்றிவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். பத்து, ஒன்பது, எட்டு என்று வந்தது. மூன்றாவது இடம்வரை வந்தும் நாங்கள் இல்லை. சித்தி நகத்தைக் கடித்தாள். இரண்டாவது இடம் காவடிப் பாட்டு என்றதுமே தெரு அலறிவிட்டது. அந்த அலறலில் முதலிடத்துப் பாட்டின் பெயர் எங்கள் வீட்டில் யார் காதிலும் விழவில்லை.

நிலையத்திலிருந்து சித்திக்குப் போன் வந்தது. நேரடி ஒலிபரப்பு. எந்த ஊர் என்று கேட்டார்கள். “ஆங், நான்தாங்க!” என்று ஆரம்பித்துத் தன் பெயர், எங்கள் தெரு, திருத்தணியில் தான் வாழப்போன தெரு எல்லாவற்றையும் முழுக் குரலில் சொன்னாள். “பேசறதே பாட்டு மாதிரி கணீர்னு இருக்குதுங்களே” என்றார் அந்த அக்கா. சித்தி சிரித்த சிரிப்பில் ரேடியோ கரகரத்தது. ஆடிக் கிருத்திகை அன்று நிலையத்துக்கு வந்து, பதிவு செய்த தறிச் சத்தத்தைப் பின்னால் ஓடவிட்டு, நேரடியாகப் பாட வேண்டும் என்று அழைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சித்தப்பா வந்தார். தனியாக வந்தார். கையில் பூப்பொட்டலம். டீக்கடை, பஸ், ஆபீஸ் எங்கே போனாலும் அப்பளம் அப்பளம் என்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஷெட்டுக்கு வந்தார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சித்திக்கு எதிரே நின்று ஏதோ சொன்னார்.

“இன்னாங்க? கேக்கலையே!” என்றாள் சித்தி.

கொஞ்சம் உரக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. சித்தி காதருகே கையை வைத்து, “தறி ஓடுதுங்க. சத்தமா சொல்லுங்க!” என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “சித்தி, உன்ன வூட்டுக்குக் கூப்பிடறாரு!” என்று கத்தினேன். என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

மூன்றாவது தடவை அந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, “எங்க அம்மா அனுப்புனது தப்பு! நான் பேசாம நின்னதும் தப்பு! வூட்டுக்கு வா!” என்று கத்தினார். எதிர் ஷெட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சித்தி சாவகாசமாகத் தறியை நிறுத்தினாள். “கிருத்திகைக்குப் பாடிட்டு வரேன். வந்தா இந்தக் கொரலோடதான் வருவேன்” என்றாள். அவர் தலையை ஆட்டினார். “வாயத் தொறந்து சொல்லுங்க” என்றாள். “ஆங், வா!” என்றார்.

தறிக்காரர்கள் பேச்சைக் காதால் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து நான் பசிக்கிறது என்று வாயசைத்தாலே போதும், முறுக்கு டப்பா எங்கே இருக்கிறது என்று சித்தி கையைக் காட்டுவாள். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை. நேராக அம்மாவிடம் ஓடி, “சித்திக்குக் காது போச்சும்மா, டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போவணும்” என்று தேம்பித் தேம்பி அழுதேன்.