எதிரில் நிற்க வேண்டியவள்

பஸ்தியான் இரண்டாவது முறையாக வரிசையில் வந்து நின்றான்.

"இன்னா பஸ்தியான், காலைலதான முட்டி போட்டுட்டுப் போன," என்றான் முன்னால் நின்ற சந்தியாகு. "அதுக்குள்ள புதுசா இன்னா பண்ணிட்ட?"

"நீ உன்னுத ஞாபகம் வச்சிக்க."

"என்னுது பெரிசு. நா ஆரம்பிச்சா சாமி இன்னிக்குச் சாப்பிட முடியாது. நீ முன்னால போ."

யாரோ ஒரு பெண் முக்காட்டுக்குள் சிரித்தாள். பஸ்தியான் முன்னால் போனான்.

கோயில் என்று சொன்னது பனையோலை வேய்ந்த ஒரு கொட்டகை. உள்ளே ஒரு தட்டி மறைப்பு. அதற்கு அப்பால் சாமியார் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மயிலாப்பூரிலிருந்து வருஷத்துக்கு ஒரு தரம், பாஸ்குத் திருநாளை ஒட்டி வருவார். ஒரு நாள் அவரவர் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்பார். மறுநாள் பூசை வைத்து, நன்மை என்று சொல்லும் தேவ அப்பத்தைக் கொடுப்பார். பிறகு படகேறிவிடுவார். கடல் தாண்டி வந்தவர். தமிழை ஏட்டிலிருந்து படித்தவர்.

பஸ்தியான் தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டான்.

"மறந்துபோன பாவம் ஏதேனும் உண்டோ?"

"இல்ல சாமி. எல்லாம் காலைலயே சொல்லிட்டேன்."

"பின் ஏன் வந்தாய்?"

"நீங்க குடுத்தத நீங்களே திருப்பி எடுத்துக்கணும்."

"எதை?"

"பாவப்பொறுத்தலை."

சாமியார் தட்டியைக் கொஞ்சம் விலக்கி அவன் முகத்தைப் பார்த்தார். வரிசை பேச்சை நிறுத்தியிருந்தது. எழுந்து, அவனைக் கொட்டகைக்குப் பின்னால் வலைகள் உலரும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

காலையில் அவன் சொன்னது ஒரு சாவைப் பற்றி அல்ல. அவன் அண்ணி செத்தாளா இல்லையா என்பது அவனுக்குத் தெரியாது.

பஸ்தியானும் அவன் அண்ணன் சூசையும் ஒரே படகில் தொழில் செய்தவர்கள். அந்தப் பழவேற்காட்டுக் குப்பத்தில் வேதத்துக்கு வந்த வீடுகள் சில மட்டுமே. மற்றவை அம்மனுக்கு ஆடு வெட்டுபவை. சூசை அப்படியொரு வீட்டிலிருந்து மணியம்மாளைக் கட்டினான். சாமியார் வரும்போது அவளுக்கு ஞானஸ்நானம் என்று பேச்சு. அந்த வருஷம் சாமியார் வரவில்லை. மழையும் வரவில்லை. அடுத்த வருஷமும் இரண்டும் வரவில்லை.

ஏரி வற்றி வெள்ளையாகக் கிடந்தது. மீன் முதலில் செத்து மிதந்தது, பிறகு அதுவும் இல்லை. உள்நாட்டிலிருந்து குடியானவர்கள் பிள்ளைகளோடு ஒல்லாந்தர் கோட்டையை நோக்கி நடந்து வந்தார்கள். கோட்டைக்கு எதிரே கடலில், விலைக்கு வாங்கிய ஆட்களை ஏற்றிப்போக ஒல்லாந்தக் கப்பல்கள் நின்றன. தரகன் ஒருவன் குப்பத்துக்கு வந்து போனான். யாருடனும் சத்தமாகப் பேச மாட்டான். அவன் வந்து போன மறுநாள் ஏதாவதொரு வீட்டில் ஓர் ஆள் குறையும், அடுப்பு புகையும்.

சூசை கால் வீங்கிச் செத்தான். மணியம்மாள் கொழுந்தன் வீட்டில் இருந்தாள். வீட்டில் பஸ்தியானின் மனைவி அன்னம்மாளும் ஒரு கைக்குழந்தையும் இருந்தார்கள்.

ஒருநாள் பஸ்தியான் மணியம்மாளிடம், கோட்டை வாசலில் கஞ்சி ஊற்றுகிறார்கள், வா என்றான். அவள் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அவள்தான் முன்னால் நடந்தாள். வாசலில் தரகன் நின்றான். உள்ளே போகிறவர்கள் வரிசையில் அவளும் போய் நின்றாள். அங்கிருந்து திரும்பி, "இன்னும் பெரிய சட்டியா எடுத்தாந்திருக்கலாம், அன்னத்துக்கும் சேத்து வாங்கலாமே," என்றாள். பஸ்தியான் தலையை ஆட்டினான். அவள் உள்ளே போனாள். அவன் ஒரு சின்ன மூட்டை அரிசியோடு வீட்டுக்கு வந்தான்.

அண்ணி எங்கே என்று அன்னம்மாள் கேட்கவில்லை. உலை வைத்தாள். அரிசி இருந்தவரை அவளுக்குப் பால் சுரந்தது. அரிசி தீர்ந்த பிறகு குழந்தை செத்தது.

பிறகு மழை பெய்தது. ஏரி நிறைந்தது. ஊர்த்தலைவர் துளசிங்கம் ஊரைக் கூட்டினார். அந்தப் பஞ்ச காலத்தில் நடந்த எதற்கும் இனி யாரும் பிராது கொண்டுவரக் கூடாது என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எல்லோருக்கும் பாக்கு கொடுக்கப்பட்டது. பஸ்தியானும் வாங்கி மென்றான்.

சில வருஷம் கழித்து ஒருநாள் அவன் துளசிங்கத்தின் வீட்டுக்குப் போனான்.

"நைனா, என்மேல ஒரு பிராது."

"யாரு குடுக்கறது?"

"நாந்தான்."

"எதுத்தாப்ல யாரு நிக்கறது?"

பஸ்தியான் கடல் பக்கம் பார்த்தான்.

"உன்னிய நிக்க வச்சா உன்னோட நின்னுடுமா?" என்றார் துளசிங்கம். வாசலுக்கு வெளியே தெரிந்த கூரைகளைக் கையால் காட்டினார். "எத்தினி பேர நிக்க வைக்கறது? அப்புறம் தீர்ப்பு சொல்ல யாரு மிச்சம்? நானா? போடா. போய் வலையப் பாரு."

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் சொல்லவில்லை. வருஷா வருஷம் சாமியார் வந்தார். அவன் சின்னப் பாவங்களைச் சொல்லி நன்மை வாங்கினான். இந்த வருஷம் காலையில் பெரியதைச் சொல்லிவிட்டான்.  சாமியார் வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருக்கவும் தினமும் செபமாலை சொல்லவும் அபராதம் விதித்தார். கையை உயர்த்திப் பாவப்பொறுத்தல் கொடுத்தார். சமாதானமாய்ப் போ என்றார். பஸ்தியான் முகத்துவாரம் வரை நடந்து போய் உட்கார்ந்திருந்தான். உச்சிக்குப் பிறகு திரும்பி வந்தான்.

"அபராதம் குறைவென்று எண்ணுகிறாயோ?" என்றார் சாமியார், வலைகளுக்கு நடுவே.

"மொதல்ல அப்படித்தான் நெனச்சேன் சாமி. அடுத்தவன் வலைய அறுத்தாக்கூட எங்க ஊர்ல மூணு பாடு போயிடும்." பாடு என்றால் முகத்துவாரத்தில் வலை கட்ட வீட்டுக்கு வீடு வரும் முறை. அதை இழந்தால் அன்று அடுப்பு இல்லை. "அப்புறம் உக்காந்து யோசிச்சா, அது இல்ல. அபராதம் எவ்ளோன்றது இல்ல."

"பின்?"

"எங்க ஊர்ல அபராதம் கட்டிட்டா மட்டும் முடியாது. யாருக்குக் கெடுதல் பண்ணானோ அந்த ஆளு எதுத்தாப்ல வந்து நிக்கணும். சொல்ல வேண்டியதச் சொல்லணும். அப்புறம் அவன் கையால பாக்கு குடுப்பான். அத வாயில போட்டாதான் தீந்துது. துளசிங்கம் நைனா மன்னிச்சேன்னு சொன்னா செல்லாது. அவருக்கு இன்னா போச்சு? போனது அவனுக்கு."

"தேவன் உங்கள் ஊர்த்தலைவர் அல்லர். அவளுக்குச் செய்ததை அவருக்கே செய்தாய். ஆகையால் மன்னிக்க அவருக்கு உரிமை உண்டு. உன்மேல் அவர் வைத்த அன்பு உன் பாவத்தைக் காட்டிலும் பெரிது."

"எம்மேல வச்சிருக்காரு, சரி. அவமேல?"

"அவள்மேலும்."

"அப்ப அவள ஒரு வார்த்த கேட்டாரா?"

சாமியார் தாடியைத் தடவிக்கொண்டார். காற்றில் வலை அவர் அங்கியில் மாட்டியது. பஸ்தியான் குனிந்து எடுத்துவிட்டான்.

"பொதுத்தீர்வைல அவ வருவாளா சாமி? ஞானஸ்நானம் வாங்காதவ."

"உலக முடிவில் எல்லோரும் உடலோடு எழுந்திருப்பார்கள். ஒருவரும் விடுபட மாட்டார்."

"கப்பல்ல செத்து, கடல்ல போட்டிருந்தா?"

"கடலில் கிடப்பவர்களும்."

"போன எடத்துல வேற பேரு வச்சிருந்தா?"

"பேர் எதற்கு? அவருக்கு அவளைத் தெரியும்."

"அப்ப அதான் சாமி." பஸ்தியான் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தான். "அன்னிக்கு அவ வந்து எதுத்தாப்ல நிப்பா. எங்கொழுந்தன் எங்கன்னு கேப்பா. உங்க பொறுத்தல் எங்கிட்ட இருந்தா இன்னா சொல்லுவாங்க? அவன் வழக்கு பழவேற்காட்லயே முடிஞ்சிபோச்சு, நீ போம்மான்னு சொல்லுவாங்க. ஒருதரம் சட்டியத் தூக்கிகினு நின்னவ. அங்கயும் அப்படி நிக்கக் கூடாது."

"முட்டாள்தனம்," என்றார் சாமியார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கேள். பொதுத்தீர்வைக்கு முன் தனித்தீர்வை உண்டு. உயிர் பிரிந்த அந்த க்ஷணமே. பொறுத்தல் பெறாதவனுக்கு அங்கே ஓர் இடம்தான். அந்த இடத்திலிருந்து எவனும் மீள்வதில்லை."

"பொதுத்தீர்வைக்குக் கூப்புடுவாங்க இல்ல?"

"கூப்பிடுவார்கள். தீர்ப்பு மாறாது."

"தீர்ப்பு மாற வேணாம் சாமி. அவ சொல்றத நா நின்னு கேக்கணும். அவ்ளோதான்."

"இது பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபம் அல்ல. கர்வம்."

"இருக்கும் சாமி."

சாமியார் ஏரிப் பக்கம் திரும்பினார். அவருடைய ஏட்டில் இதற்கு ஒரு பதில் இருந்திருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை.

"கொடுத்ததை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை," என்றார். "ஆனால் அபராதத்தை நீ தள்ளினால், நாளைக்கு நன்மை வாங்க வராமற்போனால், கொடுத்ததை நீயே கீழே போட்டவன் ஆவாய். அதன் பிறகு உனக்குக் கோயில் மண்ணில் குழியும் இல்லை. சூரியன் எழுமுன் பூசை. உனக்காகச் சற்றுத் தாமதிப்பேன். வா, மகனே."

மகனே என்றபோது அவர் குரல் ஏட்டுக் குரலாக இல்லை.

பொழுது சாயும்போது பஸ்தியான் வீட்டுக்கு வந்தான். அன்னம்மாள் கருவாட்டை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"ரெண்டு தரம் போனியாமே."

"யாரு சொன்னது?"

"சந்தியாகு ஊரு பூராச் சொல்லிகினு இருக்கான். நீ மூணு பேரக் கொன்னுட்டதா அவன் கணக்கு."

பஸ்தியான் நடந்ததைச் சொன்னான். மணியம்மாளின் பேரை அந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்னம்மாளின் கை நின்றது. பிறகு மறுபடி வாரினாள்.

"நானும் சொன்னேன் சாமிகிட்ட," என்றாள். "தின்னதச் சொன்னேன். எங்கேந்து வந்துதுன்னு தெரிஞ்சே தின்னேன்னு."

"இன்னா சொன்னாரு?"

"அழுதா போதும்னாரு. அழுவ வரல. அதுவும் சொன்னேன். பரவால்லன்னாரு." கூடையை நகர்த்தி வைத்தாள். "நா நாளைக்கு வாங்கிக்கப் போறேன்யா. புள்ள அங்க மோட்சத்துல இருக்குது. சாவறப்ப நானே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்த புள்ள. அது தனியா எத்தினி வருசமா இருக்கும்?"

"போய் வாங்கிக்க."

"நீயும் வா."

அவன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சரி. அவ வந்து நின்னு, போடா மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டா? அப்ப இன்னா பண்ணுவ? அதுக்குள்ள உன்ன எரியிற எடத்துல போட்டிருப்பாங்க. அவ மன்னிச்சும் பிரயோசனம் இல்ல."

பஸ்தியான் இதை யோசித்திருக்கவில்லை. 

"அது அவ இஷ்டம்," என்றான் கடைசியில்.

"நரகத்துக்குப் போவ இவ்ளோ மெனக்கெடுற ஆள நா பாத்ததில்ல. எல்லாரும் சும்மாவே போறாங்க." குரல் உடைந்தது. சிரிப்பைப் போல முடித்துக்கொண்டாள். "அங்க நா புள்ளைய இடுப்புல வச்சிகினு, உன்ன எங்கன்னு அது கேட்டா இன்னாய்யா சொல்லுவேன்?"

"அண்ணியப் பாக்கப் போயிருக்கான்னு சொல்லு."

அன்னம்மாள் கையிலிருந்த கருவாட்டை அவன்மேல் எறிந்தாள். அது அவன் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அவன் எடுத்துக் கூடையில் போட்டான்.  அவள் செபமாலை சொல்ல உட்கார்ந்தாள். பாதி மந்திரம் அவள் சொல்லி, மீதியை அவன் சொல்வது அந்த வீட்டு வழக்கம். அவள் தன் பாதியைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு மீதியையும் அவளே சொன்னாள்.

மறுநாள் சூரியன் எழுமுன் பூசை நடந்தது. தொடங்கும் முன் சாமியார் வாசலை இரண்டு மூன்று முறை பார்த்தார். பிறகு தொடங்கினார். அன்னம்மாள் நன்மை வாங்கினாள். சந்தியாகும் வாங்கினான். ஞானஸ்நானம் இரண்டு குழந்தைகளுக்கு. பூசை முடிந்து சாமியார் கஞ்சி குடித்தார். வெயில் ஏறும் முன் படகு புறப்பட்டது. காட்டுப்பள்ளி வழியாகத் தெற்கே போனார்கள்.

அன்று முகத்துவாரத்தில் பஸ்தியானின் பாடு. விடியும்போதே அவன் வலை கட்டியிருந்தான். சாமியாரின் படகு அந்தப் பக்கம் வரவில்லை. இறால் சுமாராக விழுந்தது. மடவை கொஞ்சம். அன்னம்மாள் கூடையோடு வந்து வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது. பஸ்தியான் வலையை அவிழ்த்துக்கொண்டு வந்து கொட்டகைக்குப் பின்னால் காயப்போட்டான். ஓரிடத்தில் கிழிந்திருந்தது. இருட்டும் வரை அந்தக் கிழிசலைப் பின்னினான்.