பரீட்சை மண்டபத்துக்கு வெளியே

தபால் வழியில் படித்தவர்கள் எழுதி அனுப்பும் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில், அடியில், ஒரு கட்டம் இருக்கும். "பாடத்தில் சந்தேகம் இருப்பின் இங்கே எழுதவும்" என்று அதன் தலையில் அச்சடித்திருப்பார்கள். பெரும்பாலும் அது காலியாகவே வரும். சிலர் பேனா எழுதுகிறதா என்று அதில் கிறுக்கிப் பார்த்திருப்பார்கள். எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு நாள் என் கைக்கு வந்த விடைத்தாளில் அந்தக் கட்டம் நிரம்பியிருந்தது. "ஐயா, எனக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிறது. பரீட்சைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வரலாமா? வரக்கூடாது என்றால் இந்த வருடம் நான் எழுத முடியாது. அடுத்த வருடம் எழுதிப் பிரயோஜனம் இல்லை." பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. என் வேலையில் நான் சந்தித்த முதல் உண்மையான சந்தேகம் அதுதான்.

நான் அப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திருவள்ளூருக்கு ரயிலேறி வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த தொடர்பு வகுப்பில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். பட்டப்படிப்புக்கு முந்தைய புகுமுக வகுப்பைத் தபாலில் படிப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது ஒரு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். பஸ் கண்டக்டர் ஒருவர், தாலுகா ஆபீஸ் பியூன் ஒருவர், அப்போதுதான் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்த தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் சிலர். இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு உட்காருவார்கள். அவர்களுக்கு நடுவே, கதவோரத்தில், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் வேலை பார்த்த நர்ஸம்மா.

அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். முப்பதைத் தாண்டியவர். கவரப்பேட்டையிலும் பெரியபாளையத்திலும் பஸ் மாறி வருவார். வகுப்பில் பெஞ்சில் உட்காருவதற்கு முன் ஜன்னலைத் திறந்துவிடுவது அவர் வழக்கம். வியாதிக்காரர் அறைக்குள் நுழைகிறவரின் பழக்கம் அது. எங்கேயோ ஒரு குக்கிராமத்தில் பிரசவம் பார்த்துவிட்டு நேராக வந்து, பாடத்தின் நடுவில் அவர் தலை சாய்ந்துவிடுவதும் உண்டு. நான் கண்டுகொள்ளமாட்டேன். பக்கத்திலிருந்த கண்டக்டர் மட்டும் அவருக்காகவும் சேர்த்துக் குறிப்பு எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது வகுப்பிலோ மூன்றாவதிலோ அவர் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார். "சார், நாங்க எழுதி அனுப்பறத நெஜமாவே யாராவது படிக்கிறாங்களா?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "கேலி இல்ல சார். ஊட்ல எல்லாம் தூங்கின அப்பறம் உக்காந்து எழுதறேன். திரும்பி வந்தா ஒரு சுழி, ஒரு மார்க்கு. போன தபா பாதி பதில் எழுதவே இல்ல, அதுக்கும் அதே மார்க்கு."

நான் படிக்கிறேன் என்று சொன்னேன். புதிதாகச் சேர்ந்தவன் என்பதால் அந்த மாதம்தான் விடைத்தாள்கள் என்னிடம் வர ஆரம்பித்திருந்தன. "அப்போ எதுனா எழுதுங்க சார். திட்டியாச்சும் எழுதுங்க. எதிர்ல ஒரு ஆளு கீறாருன்னு தெரியணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு தாளிலும் இரண்டு வரியாவது எழுதினேன். அவரும் எழுதினார். காரணத்தையும் விளைவையும் கலந்து எழுதாதீர்கள் என்று நான் எழுதினால், அடுத்த தாளில் இரண்டுக்கும் நடுவே பட்டையாக ஒரு கோடு போட்டு அனுப்புவார். அவருடைய துறையில் பெரிய நர்ஸுக்கான பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது புகுமுக வகுப்பு தேறியவர்களுக்கு முதலிடம் கொடுப்பார்கள் என்பதையும், வயது வரம்பு அவருக்கு அந்த வருடத்தோடு முடிகிறது என்பதையும் கண்டக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நர்ஸம்மா கர்ப்பமாக இருந்ததையும் கண்டக்டர்தான் எனக்குச் சொன்னார். ஆறாம் மாதம்வரை வகுப்புக்கு வந்தார். அதற்குப் பிறகு விடைத்தாள்கள் மட்டும் வந்தன. கடைசியாக வந்ததில்தான் அந்தச் சந்தேகம்.

அதை எங்கள் தபால்வழிக் கல்வி நிறுவனத்தின் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "விதியில் வரலாம் என்றும் இல்லை, வரக்கூடாது என்றும் இல்லை. எழுத்தில் நான் எதையும் தர முடியாது" என்றார். நர்ஸம்மாவின் கணவருக்குத் தொழிற்சாலையில் பரீட்சை வாரத்தில் ஷிப்ட் மாற்றித் தரவில்லை. வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. இருந்தாலும், மூன்று பஸ் தூரத்தில் விட்டுவந்த கைக்குழந்தைக்குப் பால் யார் கொடுப்பது? நான் ஒரு கார்டு வாங்கி, "குழந்தையோடு வாருங்கள். வெளியே நான் இருக்கிறேன்" என்று எழுதித் தபாலில் போட்டேன். பரீட்சை நடக்கப்போவதும் அதே பள்ளிக்கூடத்தில்தான்; அங்கே ஆயா இருப்பார், அவரிடம் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்பது என் கணக்கு.

பரீட்சை தொடங்கியது கோடை விடுமுறையில். ஆயா ஊருக்குப் போயிருந்தார்.

நர்ஸம்மா குழந்தையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி வந்து சேர்ந்தார். வராந்தா மூலையில் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தார். மணி அடித்தது. என்னைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். வேறு யாரும் இல்லை என்று புரிந்துவிட்டது. "தலைக்கு அடியில கைய வெச்சிக்கோங்க சார். கழுத்து நிக்காது" என்று சொல்லி என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் கல்யாணம் ஆகாதவன். வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. அதற்கு முன் அவ்வளவு சின்னக் குழந்தையைத் தொட்டதே இல்லை. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு சூடு இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் தூங்கியது. வெயில் ஏறியதும் விழித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தது. பிறகு அழ ஆரம்பித்தது. தோளில் போட்டேன், நடந்தேன், தாலாட்டு தெரியாததால் வாய்க்கு வந்ததை முணுமுணுத்தேன். அழுகை ஏறியதே தவிர இறங்கவில்லை. மண்டபத்து ஜன்னல்கள் திறந்திருந்தன. நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்வது தெரிந்தது. ஒரு தடவை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். எழுதுங்கள் என்று கையால் ஜாடை காட்டிவிட்டு, அழுகை அவர் காதில் விழாத தூரத்துக்குப் போய்விட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் நான் தெருவில் இறங்கி நடந்தேன்.

கோயில் குளத்துப் பக்கம் வந்ததும், மர நிழலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் தலைக்கு மேலே கிளையில் ஒரு தூளி தொங்கியது. "இன்னா நைனா, அப்டியா தூக்குவாங்க கொயந்தைய? பசிக்கு அழுவுது. அம்மா எங்க?"

"பரீட்சை எழுதுறாங்க."

"பெத்தவளுக்கு இன்னா பரீட்சை?"

எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். நர்ஸ் என்று, கும்மிடிப்பூண்டியிலிருந்து வருகிறார் என்று, எழுந்து வந்தால் ஒரு வருடப் படிப்பு போய்விடும் என்று. அவள் நாரைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "குடு இங்க."

நான் தயங்கி நின்றேன். அவள் முகம் மாறியது. "இன்னா, நா இன்னா ஆளுங்கன்னு யோசிக்கிறியா?"

"ஐயோ, அதில்லைம்மா. அவங்களைக் கேட்காம நான் எப்படி..."

"கேட்டா எய்ந்து வந்துடுவா. அப்பறம் பரீட்சை?"

குழந்தையைக் கொடுத்துவிட்டுக் குளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் அழுகை ஒரு தடவை விம்மி, நின்றது. அப்புறம் ஒரு சின்ன மூச்சுச் சத்தம். தண்ணீரில் யாரோ வேட்டியை அலசிக்கொண்டிருந்தார்கள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மணி அடித்து மண்டபம் கலைந்தபோது தூங்கும் குழந்தையோடு வாசலில் நின்றிருந்தேன். நர்ஸம்மா முதல் ஆளாக ஓடி வந்தார். ரவிக்கை நனைந்திருந்ததை மறைக்க முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார். குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, செய்யக்கூடாததைச் செய்துவிட்டோமோ என்று என் குரல் தேய்ந்துகொண்டே போனது. "எங்க கீறாங்க அந்தம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அழைத்துப் போனேன். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றி என்ற வார்த்தையை நர்ஸம்மா சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. நேராகத் தூளியை விலக்கி, உள்ளே கிடந்த பூக்காரம்மாவின் குழந்தையைத் தூக்கி, கண் இமையை இழுத்துப் பார்த்து, கையைத் திருப்பிப் பார்த்து, "அம்மை குத்தலியா இன்னும்?" என்று அதட்டினார்.

"அது கெடக்கட்டும். நீ நல்லா எய்தினியா?" என்றாள் பூக்காரம்மா.

நர்ஸம்மா அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "சத்தம் கேட்டப்போ ஒரு பக்கம் இன்னா எழுதினேன்னே தெரியலக்கா. அப்பறம் சத்தம் தூரமா போச்சு. காதுல விழாட்டியும் எனக்கு இங்க கேட்டுக்கினே இருந்துது" என்று மார்பைத் தொட்டுக் காட்டினார். "திடீர்னு அடங்கிப் போச்சு. யாரோ வாங்கிக்கினாங்கன்னு நெனச்சிக்கினேன். அப்பறம்தான் எழுதினேன்." அப்போதுதான் அழுதார். பூக்காரம்மா கட்டி முடித்த சரத்திலிருந்து ஒரு முழம் கிள்ளி, அவர் தலையில் வைத்தாள்.

அடுத்த பரீட்சை நாளில் நான் போய்ச் சேர்ந்தபோது பூக்கூடை பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டிருந்தது. அங்கிருந்த மரத்தில் தூளியும் கட்டியாயிற்று. காவல்காரர் சத்தம் போட, "உம் பொண்டாட்டி பரீட்சை எய்தினா நீ பாத்துப்பியா?" என்று கேட்டு அவரை அடக்கியிருந்தாள். மீதிப் பரீட்சைகள் அப்படியே நடந்தன. நர்ஸம்மா மூன்றாம் தரத்தில் தேறினார். பயிற்சிக்கும் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கே வந்து, என்னிடம் ஒன்றும் பேசத் தெரியாமல், கண்டக்டரின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் முழுவதையும் கேட்டுவிட்டுப் போனார்.

பரீட்சை மையங்களில் குழந்தைகளுக்கென்று ஓர் அறையும் ஓர் ஆயாவும் வேண்டும் என்று நான் நிறுவனத்துக்கு எழுதினேன். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. பிற்காலத்தில் நானே அப்படிப்பட்ட பதில்களில் கையெழுத்திடும் நாற்காலிகளில் உட்கார்ந்தேன். அறையையும் ஆயாவையும் வாங்க நெடுங்காலம் பிடித்தது. இன்று மாணவர்களுக்கு உதவி மையம் இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது, கேட்ட உடனே பாடம் திரையில் வருகிறது. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அதைப் பற்றிக் கூட்டங்களில் பேசும்போதெல்லாம் எனக்கு நினைவில் எழுவது மறு வருடத்துப் பரீட்சை நாள்தான்.

அன்று நர்ஸம்மா எழுத வேண்டிய பரீட்சை எதுவும் இல்லை. பயிற்சியிலிருந்து ஒரு நாள் லீவு போட்டு, நடை பழகியிருந்த மகளோடு வந்து, மரத்தடியில் பாய் விரித்து, பூக்காரம்மாவோடு உட்கார்ந்திருந்தார். யார் சொல்லி வந்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த வருடம் வேப்பம்பட்டிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு வாசலில் நின்று, உள்ளே போவதா திரும்பிப் போவதா என்று விழித்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா எழுந்து போய், ஒன்றும் கேட்காமல், தலைக்கு அடியில் கையைக் கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"போம்மா, மணி அடிச்சிட்டாங்க. அழுதா நாங்க பாத்துக்கிறோம். நீ ஜன்னல் பக்கம் மட்டும் உக்காராத."