என்னை ரிலீவ் செய்த கண்ட்ரோல் இஸட்

மூன்றாவது வருடமாக டிரான்ஸ்ஃபர் லிஸ்டில் என் பெயர் இல்லை. வங்காளத்தில், பாலிகஞ்சில் இருந்த எங்கள் பொதுத்துறை ஆபீஸின் நோட்டீஸ் போர்டில் அதை ஒட்டியிருந்தார்கள். மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன். மத்தியானம் மேஜையில் தலைசாய்த்துத் தூங்கும் ஒரு புண்ணியவானுக்குக் கேட்ட ஊரே கிடைத்திருந்தது. என் மனைவி வசந்தா திருச்சியில் டீச்சர். மகளுக்கு நாலு வயது. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது ஞாயிற்றுக்கிழமை போனில் வரும் ஒரு குரல்.

மேனேஜர் வங்காளி. ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: "மிஸ்டர் மணி, உங்களை ரிலீவ் பண்ணிட்டா மாசக் கடைசி ஸ்டேட்மென்ட்டை யார் போடறது? நீங்க இந்த செக்‌ஷனோட தூண்."

தூணுக்கு எந்த ஊரில் டிரான்ஸ்ஃபர் கொடுக்கிறார்கள்?

நான் தூணான கதை

எல்லாம் சோம்பேறித்தனத்தால் வந்த வினை. ஐந்தரைக்கு மேல் ஆபீஸில் உட்கார எனக்குப் பிடிக்காது. மற்றவர்கள் மவுஸைப் பிடித்து மெனுவைத் தேடுவதற்குள், நான் கீபோர்டிலேயே காப்பி, பேஸ்ட், சேவ் மூன்றையும் முடித்துவிடுவேன். போன மாத ஸ்டேட்மென்ட்டைத் திறந்து எண்களை மட்டும் மாற்றுவேன். அவர்கள் மாதாமாதம் தலைப்பிலிருந்து டைப் அடிப்பார்கள்.

இன்டர்நெட் என்றால் ஆபீஸ் முழுவதற்கும் ஒரே டயல்-அப் லைன். உட்காரும் முன்பே, தேட வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்வேன். பிரவுசரில் படங்களை ஆஃப் செய்துவிடுவேன். தேவையான பக்கங்களைத் தனித்தனி விண்டோவில் திறந்து, லைனைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிப்பேன். சீட்டில் இல்லாத எதையும் பார்க்கமாட்டேன், கிரிக்கெட் ஸ்கோர் தவிர.

இப்படி நாலு பேர் வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. பரிசாக ஐந்தாவது ஆளின் வேலையும் என் மேஜைக்கு வந்தது.

அந்த ஞாயிறு லேக் கார்டன்ஸ் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வசந்தாவிடம் புலம்பினேன்.

"சீக்கிரமா முடிக்கிறதை எல்லாருக்கும் காட்டினீங்க. எப்படி முடிக்கிறதுன்னு யாருக்காவது சொன்னீங்களா?" என்றாள்.

சொல்லவில்லை. கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடுமோ என்று பயம். போனை வைக்கும்போது வெட்கமாக இருந்தது.

பக்கத்து சீட்

பக்கத்து சீட்டில் ஹெட் கிளார்க் சென்குப்தா-தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; அதனால் 'தா', அதாவது வங்காளத்தில் தாதா, அண்ணன். சொல்லித் தருகிறேன் என்றதும், "ஹோபே நா" என்றார். நடக்காது என்று அர்த்தம். "ஒரு கீயைத் தப்பாத் தட்டி எல்லாம் அழிஞ்சா, என் பென்ஷன்ல கை வைப்பாங்க, மோனி." வங்காள வாயில் மணி மோனியாகிவிடும்.

அப்போதுதான் புரிந்தது, மனிதர் மந்தமில்லை, பயந்துகிடக்கிறார். அதனால் முதல் பாடம் கண்ட்ரோல் இஸட். ஒரு கடிதத்தை முழுக்க அழிக்கச் சொன்னேன், பிறகு அந்த இரண்டு கீயையும் தட்டச் சொன்னேன். கடிதம் திரும்பி வந்தது. அவர் மறுபடி அழித்தார், மறுபடி வரவழைத்தார். டீ ஆறும்வரை அதையே செய்துகொண்டிருந்தார்.

பிறகு நாளுக்கு ஒரு வித்தை. ஒவ்வொன்றையும் சந்தேஷ் என்ற பால் இனிப்பு வரும் டப்பா அட்டையில் வங்காளத்தில் எழுதி மானிட்டரைச் சுற்றி ஒட்டினார். அட்டைக்காக நிறைய சந்தேஷ் சாப்பிட வேண்டியிருந்தது. நானும் உதவினேன்.

ஒரு மாதக் கடைசியில் வேண்டுமென்றே பத்து நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தால், சென்குப்தா-தா கையால் ஸ்டேட்மென்ட் இரண்டு நாள் முன்னதாகவே போயிருந்தது. சந்தோஷப்பட வேண்டியவன் கொஞ்சம் நொந்துபோனேன். யாரும் என்னைத் தேடவே இல்லையாம்.

அடுத்த லிஸ்டில் என் பெயருக்கு எதிரே திருச்சி என்று இருந்தது. வீட்டு வாசலில் பெட்டியை வைத்ததும், மகள் வசந்தாவின் பின்னால் நின்றபடி, "எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டாள். வாழ்நாளில் எனக்கு அவ்வளவு வலித்த கேள்வி வேறில்லை. "இனிமே இங்கேதான்" என்றேன். அவள் நம்பப் பல வாரங்கள் ஆயிற்று.

சில மாதம் கழித்து சென்குப்தா-தாவிடமிருந்து போன். குரலில் கோபம்.

"மோனி, குடும்பத்தோட பூரி கோயிலுக்குப் போக லீவு கேட்டேன். நான் இல்லாட்டி செக்‌ஷன் ஓடாதுன்னு மேனேஜர் தரமாட்டேங்கறார். நான் தூணாம்."

"தாதா, உங்க பக்கத்து சீட்ல இப்ப யாரு?"

"தாஸ். கம்ப்யூட்டர்னாலே நடுங்குவான்."

"நல்லதாப் போச்சு. நாளைக்கே அவருக்கு கண்ட்ரோல் இஸட் சொல்லிக் கொடுங்க. சந்தேஷும் வாங்கிட்டுப் போங்க."